பவுனுவின் தளர்ந்த கயிறு: அல்சூர் தெருக்களில் ஒரு நாய்க்குட்டியை நடக்கப் பழக்கியது

எங்கள் வீட்டில் மாலையில் நாயைக் கூட்டிப் போவது மாமாதான். என் மாமனாருக்கு 70 தாண்டிவிட்டது, வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. ஆனாலும் பெங்களூரில் நாங்கள் இருக்கும் அல்சூரின் பஜார் தெருப் பக்கம் ஒரு சுற்று போய்வராவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. பவுனு செம்பழுப்பு நிற நாட்டு நாய். ஐந்து மாதத்திலேயே 10 கிலோ இருந்தாள், வளர்ந்து முடிக்கும்போது 18 கிலோவாவது வருவாள். அந்த எடை திடீரென்று ஒரு பக்கம் பாய்ந்தால் முழங்கால் வலியோடு நிற்கும் பெரியவர் விழுவார். அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் நான் வைத்த இலக்கு ஒன்றே ஒன்று. கயிறு தூளி மாதிரி கீழே வளைந்து தொங்க வேண்டும். மாமா அதை இரண்டு விரலில் பிடித்திருந்தாலும் போதுமானதாக இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஏரிக்கரையில் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருப்பதால் இங்கே அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக உண்டு. அவர் பார்த்துவிட்டு, "இடது காலோட ஒட்டி நடக்கணும்மா, தலை நிமிர்ந்து உங்க முகத்தைப் பார்க்கணும்" என்றார். அதுவும் ஒரு திறமைதான், சாலையைக் கடக்கும் அந்த அரை நிமிடத்துக்கு ரொம்பப் பயன்படுகிறது. ஆனால் அரை மணி நேரம் முழுக்க ஒரு குட்டியை அப்படி நடக்க வைத்தால் அதற்கு அது நடையே கிடையாது. வெளியே போவதே மோந்து பார்க்கத்தான். யார் இந்த வழியாகப் போனார்கள், என்ன தின்றார்கள், எந்த நாய் புதிதாக வந்திருக்கிறது என்பதையெல்லாம் அவள் மூக்கால்தான் தெரிந்துகொள்கிறாள். கயிறு தொங்கும் வரை முன்னாலோ, பின்னாலோ, பக்கவாட்டிலோ எங்கே வேண்டுமானாலும் அவள் போகலாம் என்று முடிவு செய்தோம்.

நாய் இழுத்தால் அது தலைமைத்தனம் காட்டுகிறது, அடக்கி வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறைய. அதில் உண்மை இல்லை. மனிதர்கள் மணிக்கு 5 கிலோமீட்டர் போல நடக்கிறோம். நாய் தன் இயல்பான துள்ளுநடையில் போனால் அதைவிட வேகம். இரண்டடி முன்னால் போனதும் கயிறு இறுகுகிறது. நெஞ்சில் அழுத்தம் வந்தால் அதற்கு எதிராகத் தள்ளுவது பெரும்பாலான விலங்குகளின் இயல்பு, குட்டியும் அதைத்தான் செய்கிறது. நாம் பின்னாலேயே போய்விடுகிறோம். அது ஆசைப்பட்ட மின்கம்பம் வந்துவிடுகிறது. இழுப்புக்குக் கூலி கொடுத்தாயிற்று! நல்ல விளைவு தரும் செயல் மறுபடி மறுபடி வரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்து ஆராய்ந்தபோதே காட்டிவிட்டார். அந்தப் பூனைகளுக்குத் தாழ்ப்பாள் திறந்தது, எங்கள் பவுனுவுக்கு மின்கம்பம் கிடைத்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எப்போதும் கிடைக்கும் கூலியைவிட, சில சமயம் மட்டும் கிடைக்கும் கூலி பழக்கத்தை இன்னும் உறுதியாக்கும். நாய் இழுத்தால் வீட்டில் மூன்று பேர் நின்று, ஒருவர் மட்டும் பின்னாலேயே ஓடினால் அது இழுப்பதை விடவே விடாது. கூட்டுக் குடும்பத்தில் நாய் பழக்குவதில் பெரிய வேலையே இதுதான் என்பேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சாமான்கள்

கழுத்துப் பட்டையில் மட்டும் கயிறு மாட்டுவதை விட்டுவிட்டோம். நாட்டு நாய்களுக்கு முகம் ஒடுக்கமாகவும் கழுத்து கிட்டத்தட்ட அதே பருமனாகவும் இருக்கும். பயந்து பின்வாங்கினால் பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். அதோடு, இழுக்கும் குட்டியின் மூச்சுக்குழாயிலேயே எல்லா அழுத்தமும் விழும். தோள்மூட்டை மறிக்காமல், நெஞ்செலும்பின் மேல் இரண்டு பட்டைகள் வந்து சேரும் ஹார்னஸ், அதாவது உடம்போடு மாட்டும் பட்டை, வாங்கினோம். முதுகில் ஒரு வளையம், நெஞ்சில் ஒரு வளையம், இரண்டும் இருக்கிற மாதிரி பார்த்து வாங்கியது பின்னால் ரொம்ப உதவியது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். வளரும் குட்டி என்பதால் வாராவாரம் தளர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. அக்குளில் பட்டை உரசினால் முடி கொட்டி, புண்ணாகி, அப்புறம் ஹார்னஸைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும்.

கயிறு 6 அடி, பருத்திப் பட்டை. நைலான் கயிறு சட்டென்று உருவினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். இரும்புச் சங்கிலி கனம். அது தரையில் தொங்கும்போதே குட்டிக்கு இழுவை தெரிந்துகொண்டே இருக்கும், தளர்வு எது, இறுக்கம் எது என்ற வித்தியாசமே புரியாது. பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு இந்த வேலைக்கு நேர் எதிரி, ஏனென்றால் அது எப்போதும் லேசான இறுக்கத்திலேயே இருக்கும், இழுத்தால் இன்னும் நீளம் தரும். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் முள் வைத்த பட்டையும் எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சிதான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வலியோடு பழகும் குட்டி, எதிரே வரும் நாயையோ குழந்தையையோ பார்த்த நேரத்தில் கழுத்து வலித்தால், அந்த வலிக்கு அந்தக் குழந்தைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அந்த ஆபத்து எனக்கு வேண்டாம்.

தீனிக்கு உப்புப் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவுக்கு நறுக்கியது. கறி எடுக்காத நாட்களில் பனீர் அல்லது அவித்த முட்டை. பயிற்சியில் கொடுப்பதை ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துவிடுவோம். வெங்காயம் சேர்ந்த குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிக் கொடுக்கலாமே என்று யாராவது கேட்டால், வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்குள்

தடுப்பூசி முழுவதும் முடியும் வரை, அதாவது நாலு மாதம் வரை, அவளைத் தெருத் தரையில் விடவில்லை. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு நோய் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் தூக்கிக்கொண்டு தினமும் வாசலில் நின்றோம். ஆட்டோ, இளநீர் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடு, எல்லாவற்றையும் தோளிலிருந்தே பார்த்தாள். மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைதான் குட்டிகள் உலகத்தை அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் என்பதால் அதை வீணாக்க முடியாது.

அந்த நாட்களில் கூடத்தில் செய்த வேலை மூன்று. ஒன்று, அடையாள ஒலி. நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு கறி. அந்தச் சத்தம் கேட்டாலே அவள் திரும்பிப் பார்க்கும் வரை அதையே செய்தோம். நாய் சரியாகச் செய்த அந்த நொடியைச் சுட்டிக்காட்ட இது தேவை. கை பைக்குள் போய்க் கறி எடுத்து நீட்டுவதற்குள் நாய் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, அழுத்தத்துக்கு இணங்குவது. கயிற்றை மாட்டி, ஒரு பக்கமாக மெல்ல, ஒரு விரலின் பலத்தில் மட்டும் இறுக்கி அப்படியே பிடித்திருப்பேன். இழுக்க மாட்டேன். அவள் யோசிப்பாள், எதிர்ப்பக்கம் சாய்வாள், கடைசியில் என் பக்கமாக எடையைக் கொஞ்சம் மாற்றுவாள். அந்த நொடியில் 'டக்', கயிறு தளரும், கறி. இதை ஒழுங்காகச் செய்த குட்டிக்கு, தெருவில் கயிறு இறுகினால் அதுவே திரும்பி வருவதற்கான செய்தியாகிவிடும். இதைப் பலர் தவிர்த்துவிட்டு நேராகத் தெருவுக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பழக்கத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தீனி தரும் இடம். எப்போதும் என் இடது முழங்காலின் பக்கவாட்டில், புடவையோ சுடிதாரோ தையல் வரும் இடத்தை ஒட்டித்தான் கொடுப்பேன். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால் போகக் கற்றுக்கொள்ளும். தீனி கிடைக்கும் இடம்தான் நாய்க்குப் பிடித்த இடமாக மாறும்.

அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் மாடிப்படி, அப்புறம் கேட்டுக்கு உள்பக்கம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். நாய்களுக்கு ஒரு இடத்தில் கற்றது அடுத்த இடத்துக்குத் தானாகத் தொற்றாது. மாடியில் அழகாக நடந்த பவுனு கேட்டைத் திறந்ததும் எல்லாம் மறந்தவளாக நின்றாள். அது பிடிவாதம் இல்லை. கேட்டுக்கு வெளியே அவளுக்கு அது புதுப்பாடம், அவ்வளவுதான்.

பவுனு கண்டுபிடித்த கணக்கு

சந்தில் நடக்க ஆரம்பித்ததும் வழக்கமான முறைதான். கயிறு இறுகினால் மரமாக நில், தளர்ந்தால் நட. சில வாரங்களில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். முன்னால் ஓடி இழுப்பது, நான் நின்றதும் திரும்பி ஓடி வருவது, முழங்கால் பக்கம் முகத்தை நீட்டிக் கறி வாங்குவது, மறுபடி ஓடுவது. இழுப்பது என்பது அவளுக்குக் கறி வாங்கும் வரிசையின் முதல் படியாகிவிட்டது. நிற்பதை மட்டும் நம்புகிற எல்லோரும் இதில் வந்து சிக்குவார்கள், புத்திசாலி நாய் இருந்தால் சீக்கிரமே.

இதற்கு வழி, திரும்பி வந்ததற்குக் கறி கொடுக்காமல் இருப்பது. வந்தவுடன் "வா போலாம்" என்று நடக்க ஆரம்பிப்போம். தளர்ந்த கயிற்றோடு ஆறேழு அடி வைத்த பிறகுதான் 'டக்'. கூடவே, இழுப்பதற்கு முன்பே, அவளாகவே என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தால் அதற்கு நல்ல பெரிய துண்டு. இந்த இரண்டையும் சேர்த்ததும் அந்த வரிசை உடைந்தது.

கறியைவிடப் பெரிய கூலி ஒன்றும் தெருவிலேயே இருந்தது. மோந்து பார்க்க அவள் ஆசைப்படும் சுவர் மூலை. கயிறு தளர்வாக நாலடி வந்தால், "போ, பாரு" என்று நானே அந்த மூலைக்குக் கூட்டிப் போய், அவள் போதும் என்று நிமிரும் வரை நின்றேன். அவசரப்படுத்தவில்லை. எதற்காக இழுத்தாளோ அதையே இழுக்காததற்குக் கொடுத்தால், இழுக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது. இதை உணர்ந்த பிறகு எங்கள் நடையின் தூரம் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் தூங்குவது மட்டும் முன்னைவிட அதிகமானது.

மாமாவின் நடை

இப்போது அந்தக் கூட்டுக் குடும்பக் கதை. "மாமா, கயிறு இறுகினா நின்னுடுங்க" என்று சொன்னால் அவர், "என்னம்மா, பத்தடிக்கு ஒருதரம் நின்னா நான் எப்போ பஜாருக்குப் போய், எப்போ வீடு வந்து சேர்றது? பவுனம்மா ஆசையா போறா, போகட்டுமே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய நடை அவருக்கான நேரம். காபித்தூள் கடையில் நாலு பேரிடம் பேச வேண்டும். அதைப் பயிற்சி வகுப்பாக மாற்ற எனக்கு உரிமை இல்லை.

ஆகவே ஹார்னஸின் இரண்டு வளையங்களையும் இரண்டு நடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். பயிற்சி நடையில், என்னோடும் என் மகனோடும், கயிறு முதுகு வளையத்தில். அங்கே விதி கண்டிப்பு, இறுகினால் நகர்வதில்லை. மாமாவோடு போகும்போது கயிறு நெஞ்சு வளையத்தில். நெஞ்சில் மாட்டினால் இழுக்கும் நாய் தன் எடையாலேயே பக்கவாட்டில் திரும்பிவிடும், அவரைச் சாய்க்கும் பலம் அதில் வராது. அதைவிட முக்கியம், நாய்க்கு அந்த இரண்டும் வேறுவேறு நடை என்று உடம்பிலேயே தெரிகிறது. ஒன்றின் பழக்கம் மற்றதைக் கெடுப்பதில்லை.

மாமாவிடம் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். கயிற்றின் கண்ணியை மணிக்கட்டில் சுற்றக் கூடாது. கட்டைவிரலில் கோத்து உள்ளங்கையில் மூடிப் பிடிக்க வேண்டும், கைமீறிப் போனால் விட்டுவிடலாம். இரண்டாவது, சட்டைப் பையில் கொஞ்சம் தீனி வைத்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கொடுக்க வேண்டும். இரண்டாவதை அவர் என்னைவிடத் தாராளமாகவே செய்கிறார். பேரனுக்கு மிட்டாய் கொடுத்த கை அது. பயிற்சி நடையின் பழக்கம் மெல்ல மெல்ல அவருடைய நடைக்கும் வந்தது. இப்போது பஜார் வரை அவர் பேசிக்கொண்டே போகிறார், கயிறு தொங்குகிறது.

தெரு நாய்கள்

பெங்களூரில் நாய் வளர்ப்பவருக்கு இதுதான் உண்மையான பரீட்சை. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு எல்லை. எங்கள் தெரு நாய்கள் பவுனுவைக் குட்டியாக இருந்ததிலிருந்து தெரியும் என்பதால் வாலாட்டும். அடுத்த முக்கில் நாலு நாய்கள், அவற்றுக்கு நாங்கள் அந்நியர்.

தூரத்தில் நாயைப் பார்த்ததும் நம் கை தானாகக் கயிற்றைச் சுருட்டி இறுக்கும். அதை விடாமுயற்சியோடு மாற்ற வேண்டியிருந்தது. இறுக்கினால் குட்டியின் முன்பாகம் தூக்கப்பட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நேராக முறைத்து நிற்கும் தோற்றம் வந்துவிடும். நாய்களின் உடல்மொழியில் அது வம்புக்கு வருவது. தளர்ந்த கயிற்றில் இருக்கும் நாய் தலையைத் திருப்பும், தரையை மோக்கும், வளைந்து நடக்கும். எதிரே நிற்பவை அதைப் பார்த்தே பாதி அமைதியாகிவிடும். அதனால் தூரத்திலேயே, அவள் காது நிமிர்ந்தாலும் இன்னும் கறி வாங்கித் தின்னும் தொலைவிலேயே, சாலையின் மறுபக்கம் போய் வில்லாக வளைந்து கடப்போம். கறியை மறுத்தால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், திரும்பி விடுவோம். அவை நெருங்கி வந்துவிட்டால் ஒரு கைப்பிடித் தீனியை அவற்றின் பக்கம் தரையில் தூவிவிட்டு, அவசரமில்லாமல் நகர்வோம். ஓடினால் துரத்தும்.

கடப்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது எண்ணுவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே தாளத்தில் சொல்லி, மூணு என்றதும் முழங்கால் பக்கம் ஒரு துண்டு. வீட்டுக்குள்ளேயே பழக்கியது. என்ன நடந்தாலும் மூன்றாவது எண்ணில் கறி வரும் என்ற உறுதி அவளைத் தாங்குகிறது. எனக்கும் அது மூச்சை ஒழுங்காக்குகிறது. என் மகன் கன்னடத்திலும் எண்ணிப் பார்த்தான், "ஒந்து, எரடு, மூரு", அதற்கும் வந்தாள்.

தெருப் பிள்ளைகள் வந்து, "கச்சுத்தா ஆண்ட்டி?" என்று கேட்பார்கள். கடிக்காது என்று சொல்லி உடனே தொட விடுவதில்லை. "கொஞ்சம் நில்லுங்க, அவளே வரட்டும்" என்று சொல்லிக் காத்திருப்போம். நாலு காலும் தரையில் இருந்தால்தான் பிள்ளைகள் தொடலாம். இந்த ஊரின் வெயில் சென்னையைவிடத் தேவலை என்றாலும் மார்ச், ஏப்ரல் மதியங்களில் தார் சுடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நடை கிடையாது. சித்திரையில் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூப்பல்லக்குகள் வரும் இரவு அவளைத் தெருவுக்கே கொண்டுபோகவில்லை. மேளமும் கூட்டமும் எந்தக் குட்டிக்கும் பயிற்சி ஆகாது. உள்ளறையில் மின்விசிறியை வேகமாக வைத்து, கடித்து மெல்வதற்கு ஒரு எலும்பைக் கொடுத்து உட்கார வைத்தோம். வேகவைக்காத பெரிய எலும்புதான். வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஏழு மாதம் ஆனபோது இதெல்லாம் கலைந்த மாதிரி தோன்றிய ஒரு காலம் வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். கூப்பிட்டால் கேட்காது, பழகிய குப்பைத்தொட்டியைப் பார்த்துத் திடீரென்று குரைக்கும், சாயங்காலமானால் கயிற்றையே கடித்து இழுக்கும். கயிறு கடிப்பது பெரும்பாலும் களைப்பு. குட்டிகளுக்கு ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வேண்டும், எங்கள் வீட்டில் வருவோர் போவோரால் அது கிடைக்கவில்லை. மதியம் அறைக் கதவைச் சாத்தித் தூங்க வைத்ததும் பாதி சரியாயிற்று. மீதிக்கு, நடையைச் சுருக்கி, பழைய சந்துக்கே திரும்பி, தீனியை மறுபடி கூட்டினோம். ஒரு நாள் மனசு சரியில்லை என்றால் கேட்டுக்கு உள்ளேயே தீனியைத் தூவி, "தேடு" என்று விட்டுவிட்டு வந்துவிடுவோம். நடைக்குப் போகாத நாளால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

இன்னும் பாக்கி இருப்பது புறாக்கள். கோயில் தெரு முனையில் தானியம் போடுகிற இடத்தில் கூட்டமாக இறங்கும், ஒரே சமயத்தில் எழும்பும். அந்தச் சிறகுச் சத்தத்துக்கு முன்னால் கோழிக்கறி எடுபடவில்லை. இப்போது 15 அடி நீளக் கயிற்றில் மொட்டை மாடியின் கடைசியில் நின்று, தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும் புறாக்களை வைத்துப் பழக்குகிறோம். அங்கே மூணு எண்ணுவதற்குள் திரும்பிப் பார்க்கிறாள். தரையில் அது வரவில்லை, அதனால் கோயில் தெரு முனைக்கு நான் மட்டும்தான் கூட்டிப் போகிறேன். மாமா ஏரிப் பக்கமாகச் சுற்றி வருகிறார்.